கக்கியது போக மீதி

ஒரு லாரியை இரண்டு முறை எடை போட வேண்டும். சரக்கோடு ஒரு முறை, சரக்கை இறக்கிவிட்டுக் காலியாக ஒரு முறை. பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்தால் சரக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். எங்கள் எதிர் வீட்டுக்காரர் இந்த ஒரு கழித்தலை வைத்துத்தான் இத்தனை வருடம் குடும்பம் நடத்துகிறார். மணல் வந்தாலும் பழைய இரும்பு வந்தாலும் கழிவுக் காகிதம் வந்தாலும் அவருக்கு எல்லாம் ஒன்றுதான். எடை மேடைக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சன்னல் வைத்த ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு நாற்காலி, சத்தம் போடும் ஒரு மின்விசிறி, சிவப்பு எண்கள் ஓடும் ஒரு பெட்டி. எண்கள் ஓடி நிற்கும் வரை அவர் மூச்சுகூட விடமாட்டார் என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள்.

"சார், உள்ள வரும்போது டீ குடிச்சிருந்தேன். அதையும் சேத்துப் போட்டுட்டீங்களா?" என்று ஒருவன் கேட்டானாம்.

"டீயை அந்த மரத்தடியில விட்டுட்டுத்தானே மேடை ஏறுனே? நான் சன்னல் வழியாப் பாத்தேன். கணக்கு சரியாப் போச்சு, போ" என்றாராம் இவர்.

குடியிருப்பிலும் அவருக்கு எடைக்காரர் என்றுதான் பெயர். எங்கள் மாடியில் என் வீட்டுக்கு நேர் எதிர் வீடு. கல்யாணம் தாமதம், குழந்தை அதைவிடத் தாமதம். அந்தக் குழந்தையும் நாள் நிறைவதற்குள் அவசரப்பட்டுப் பிறந்துவிட்டது. பெண் குழந்தை. முஷ்டி அளவு முகம், அதில் பாதி கண்.

பிறந்த புதிதில் அவளைக் குழந்தைகள் வார்டில் வைத்திருந்தார்கள். தாய்ப்பால் குறைவாக இருந்ததால் புட்டிப்பாலும் சேர்த்தே கொடுத்தார்கள். எவ்வளவு உள்ளே போகிறது என்று தெரிந்துகொள்ள, குடிப்பதற்கு முன்பு ஒரு முறை, குடித்த பிறகு ஒரு முறை நர்ஸ்கள் எடை பார்த்தார்கள். தேவைப்படும் குழந்தைக்குச் சில நாள் அப்படிச் செய்வது வழக்கம்தான். நானே அந்த மாதிரி ஒரு வார்டில் பயிற்சி எடுத்து, வயதாகி வெளியே வரும் வரை வேலை பார்த்தவள். எடைக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தத் தராசையே பார்த்துக்கொண்டிருப்பாராம். டாக்டர் சொன்னது, நர்ஸ் சொன்னது எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டார். ஆனால் அந்த வார்டில் அவருக்கு முழுசாகப் புரிந்த ஒரே விஷயம் அந்தக் கழித்தல்தான்.

வீட்டுக்குப் போகும்போது அதை வீட்டிலும் செய்யுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. செய்யாதீர்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. குழந்தை வீட்டுக்கு வருவதற்கு முன்பே தராசு வந்துவிட்டது. பார்சல் நிறுக்கும் தட்டையான தராசு. வேலையிடத்திலிருந்து எடைக்கற்களைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக வைத்துச் சோதித்துப் பார்த்து, கிராம் பிசகவில்லை என்று திருப்தியான பிறகுதான் அதன்மேல் ஒரு துண்டை விரித்தார்.

பகலில் கொஞ்ச நேரம் குழந்தையைப் பிடித்துக்கொள்ள முடியுமா என்று அவர் மனைவி என்னைக் கேட்டபோது குழந்தைக்கு மூன்று மாதம் கடந்திருந்தது. கூரியர் அலுவலகத்தில் கவுண்டர் வேலை பார்த்த பெண். நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினாலும் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறவள். அன்று கதவைத் திறந்தபோது இரண்டு தோளிலும் பால் காய்ந்த கறை, தலையில் சீப்பு பட்டு எத்தனை நாளோ.

"குளிக்கணும் பெரியம்மா. அது போதும். வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள்.

நான் குழந்தையை வாங்கிக்கொண்டேன். அவள் குளிக்கப் போனவள் அங்கேயே உட்கார்ந்து தூங்கிவிட்டாள். தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்டு நான்தான் கதவைத் தட்டினேன். அன்றிலிருந்து தினமும் போக ஆரம்பித்தேன்.

குழந்தைக்கு எதுக்களிப்பு. குடித்த பால் மேலே ஏறி வாய்க்கு வந்துவிடும். பச்சைக் குழந்தைகள் பால் கக்குவது அதிசயமில்லை. இரைப்பைக்கு மேலே இருக்கும் மூடி இன்னும் முற்றவில்லை, உட்கார ஆரம்பித்தால் மெல்ல மெல்லச் சரியாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கக்கிவிட்டுச் சிரிக்கும் குழந்தைக்குத் துணி மாற்றினால் போதும். இவள் சிரிக்கவில்லை. பாதிப் பாலில் முதுகை வில்லாக வளைப்பாள், உடம்பு பலகையாகும், முகம் சிவக்கும், இருமுவாள், விக்குவாள். ஏறி வரும் பாலில் புளிப்பு இருக்கிறது, அது தொண்டையை எரிக்கிறது என்று பார்த்தாலே தெரியும். டாக்டர் அதற்கு ஒரு சொட்டு மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்று எழுதித் தந்திருந்தார். வளைவது கொஞ்சம் குறைந்தது. கக்குவது குறையவில்லை. மருந்து போலி என்று எடைக்காரர் சந்தேகப்பட்டார். "அந்த மருந்து வர்ற பாலோட புளிப்பைத்தான் குறைக்கும், பால் வர்றதை நிறுத்தாது. இதை முதல்லயே சொன்னேனே" என்றார் டாக்டர். இவர் அப்போதும் தலையாட்டினார்.

தொட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார். கிளினிக்கில் அதைக் கேட்டதும் நர்ஸ் ஒரு பிடி பிடித்துவிட்டாள். சரிவில் குழந்தை நழுவி, கழுத்து மடங்கி, மூச்சு அடைபடலாம். கக்குகிற குழந்தையானாலும் சமமான மெத்தையில், மல்லாக்கத்தான் படுக்க வேண்டும். அதை மட்டும் எடைக்காரர் ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டார்: "மேடை சமமா இல்லேன்னா எல்லாமே தப்பாத்தான் போகும்." அன்றே செங்கல் வாசலுக்கு வந்துவிட்டது. இப்போது அதன்மேல் செருப்பு வைத்திருக்கிறார்கள்.

தராசைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அந்த வீட்டில் பால் கொடுக்கும் முறை இதுதான். முதலில் குழந்தையைத் தராசில் கிடத்த வேண்டும். பிறகு புட்டி. பிறகு டயப்பர் மாற்றாமல் மறுபடியும் தராசு. அதற்குப் பிறகு கக்கினால் தோள் துணியில் பிடிக்க வேண்டும். உலர்ந்த துணியின் எடை அவருக்கு மனப்பாடம். ஈரத் துணியைத் தராசில் போட்டு அதைக் கழித்தால் கக்கியது எவ்வளவு என்று வந்துவிடும். குடித்ததில் அதையும் கழித்தால் மீதி. மீதி டாக்டர் சொன்ன அளவுக்குக் குறைவாக இருந்தால் குறைந்ததை மறுபடி கலக்கிக் கொடுக்க வேண்டும்.

குறையாமல் இருந்த நாளே இல்லை. ரொம்பி வழிந்த வயிற்றில் மேலும் ஊற்றினால் மேலும்தான் வழியும். அதையும் நிறுத்து, அதையும் கழித்து, அதையும் ஊற்றினார்கள். ஒரு வேளைப் பால் முடிவதற்குள் அடுத்த வேளை வந்துவிடும்.

தராசைப் பார்த்து நான் ஒன்றும் சொல்லவில்லை. வார்டில் பார்த்த சாமான் வீட்டில் இருந்தது, அவ்வளவுதான். எனக்கு அந்தத் துணிகளைத் துவைத்துக் காயப்போடுவதற்கே நேரம் சரியாக இருந்தது.

நாலாவது மாதத்தில் எடை ஏறவில்லை. கிளினிக் சுவரில் இருந்த வளர்ச்சிக் கோட்டைக் காட்டி டாக்டர் நேராகச் சொன்னார்: "அடுத்த தடவை வரும்போதும் இப்படியே இருந்தா, அட்மிட் பண்ணி மூக்கு வழியா டியூப் போட்டுத்தான் பால் கொடுக்கணும். பயப்படற விஷயம் இல்லை. ஆனா அது தேவைப்படாம இருந்தா நல்லது."

பயப்பட வேண்டாம் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? எடைக்காரர் வார்டில் அந்தக் குழாயைப் பார்த்திருக்கிறார். பக்கத்துப் படுக்கைக் குழந்தையின் கன்னத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்ததாம். அது கையால் இழுத்துவிடாமல் இருக்கக் கையில் உறை மாட்டியிருந்தார்களாம். அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. தராசுக்குப் புது பேட்டரி போட்டார்.

அதற்குப் பிறகு பகல் முழுக்கப் போன் வர ஆரம்பித்தது. மேடையில் ஒரு லாரி ஏறி அடுத்தது வரிசையில் நிற்கும் இடைவெளியில் கூப்பிடுவார். பின்னால் இன்ஜின் சத்தம் கேட்கும்.

"எவ்வளவு?"

மனைவி எண்ணைச் சொல்வாள்.

"கக்கினது போகவா?"

"போகத்தான்."

"மீதியைக் கொடுத்துடு, என்ன?"

"சரி."

ஒரு நாள் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். குழந்தை கொஞ்சம் குடித்தாள். வாயைத் திருப்பினாள். அவள் அம்மா புட்டியை எடுத்துவிட்டாள். தோளில் போட்டுத் தட்டினாள், ஓர் ஏப்பம் வந்தது. போன் அடித்தது. தராசு மூலையில் துண்டு மூடிக் கிடந்தது. குழந்தை அதன்மேல் ஏறவே இல்லை.

"எவ்வளவு?"

அவள் ஓர் எண்ணைச் சொன்னாள். நல்ல எண். நம்புகிற மாதிரி, ரொம்ப அதிகமும் இல்லாமல். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் துணியை மடித்தேன். புருஷன் பெண்டாட்டி கணக்கில் நான் தலை நுழைப்பதில்லை. அன்று குழந்தை அவள் தோளில் அழாமல் இருந்ததை மட்டும் மனதில் குறித்துக்கொண்டேன்.

மாலையில் எடைக்காரர் வருவார். கை கழுவுவார், சட்டை மாற்றுவார், தராசை இழுப்பார். அவரைப் போல அந்தக் குழந்தையைத் தாங்குகிற மனுஷன் கிடையாது, அதையும் சொல்லத்தான் வேண்டும். தூக்கும்போது கண்ணாடிச் சாமான் தூக்குவது போலத்தான் தூக்குவார். "லோடு வந்தாச்சா? என் சின்ன லாரிக்கு என்ன லோடு இன்னிக்கி?" என்று கொஞ்சுவார். ஆனால் தராசில் முதுகு பட்டதும் குழந்தை வீலென்று கத்தும். புட்டி இன்னும் சமையலறையில்தான் இருக்கும்.

"அசையாத கண்ணு. நம்பர் நிக்க வேண்டாமா?"

"அவ லாரி இல்லைங்க, நிக்கறதுக்கு" என்பாள் மனைவி.

"லாரியே நிக்குது. இவளுக்கு என்ன?"

பிறகு புட்டியை வைப்பார். அவள் தலையைத் திருப்புவாள். இவர் புட்டியோடு சுற்றி வருவார். அவள் அந்தப் பக்கம் திருப்புவாள். தாடையைப் பிடித்து, வாயோரத்தில் நிப்பிளை நுழைத்து, வாய்க்குள் ஆட்டி, பாட்டுப் பாடிப் பார்ப்பார். கடைசியில் அவள் அழுது அழுது தூங்கிப்போன பிறகு தூக்கத்தில் கொஞ்சம் உறிஞ்சுவாள். அதையும் நிறுப்பார். எழுந்ததும் அவ்வளவையும் கக்கிவிடுவாள். அவர் முகம் தொங்கிப்போகும். தன்னைத்தான் ஏதோ குறை சொன்ன மாதிரி ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்.

எடை பார்க்கும் நாள் வந்தது. பையைத் தூக்க நானும் போனேன். எடைக்காரர் தைரியமாகத்தான் இருந்தார். பகல் எண்களையும் மாலை எண்களையும் மனதில் கூட்டி வைத்திருந்தார். இந்த முறை கட்டாயம் ஏறியிருக்கும் என்று பஸ்ஸிலேயே என்னிடம் சொன்னார்.

கிளினிக் நர்ஸ் குழந்தையைத் தராசில் வைத்தாள். எண் ஓடி நின்றது. போன முறை நின்ற அதே இடம்.

"இன்னொரு தடவை போடுங்க" என்றார் இவர்.

போட்டாள். அதே எண்.

"இந்தத் தராசை எப்ப சோதிச்சீங்க?"

"சார்?"

"எப்ப முத்திரை வெச்சாங்கன்னு கேக்கறேன். கீழ பாருங்க, ஒரு கால் தரையில சரியாப் படலை. இதுல நிறுத்தா யாருக்கும் சரியா வராது."

"சார், காலையிலேருந்து இதுலதான் எல்லாக் குழந்தையும் நிறுக்கறோம்."

"அப்ப எல்லாக் குழந்தைக்கும் தப்பு!"

வரிசையில் அடுத்து நின்ற ஒரு தாய் பதறிப்போய், "ஐயோ, என் பையன் ஏறினதா சொன்னீங்களே!" என்றாள். நர்ஸ் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். எடைக்காரர் மண்டியிட்டுத் தராசின் காலைத் திருக ஆரம்பித்துவிட்டார். அவர் தொழில் அது. எண் பொய் சொல்லாது, மேடைதான் பொய் சொல்லும்.

"எழுந்திருங்க" என்றாள் மனைவி.

"இரு, ஒரு நிமிஷம்."

"எழுந்திருங்க. தராசு சரியாத்தான் இருக்கு. நான் சொன்னதுதான் பொய்."

அவர் மண்டியிட்டபடியே நிமிர்ந்து பார்த்தார்.

"போன்ல சொன்ன எண்ணெல்லாம் நானாச் சொன்னது. பகல்ல நான் அவளை நிறுக்கறதே இல்லை. குறைவாச் சொன்னா இன்னொரு தடவை கொடுன்னு சொல்வீங்க. என்னால முடியலை. அவ வாயை மூடிக்கிட்டு என்னைப் பாக்கறா. அதுக்கு மேல என்னால அந்தப் புட்டியைத் திணிக்க முடியலைங்க."

வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். கிளினிக்கில் மட்டும்தான் மனிதர்களுக்கு இந்த மரியாதை வரும்.

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். கோபப்படவில்லை. பேன்ட் முட்டியைத் தட்டிவிட்டு எழுந்து, "அப்ப நீ கொடுக்காததாலதான் ஏறலை" என்றார், தனக்குத்தானே கணக்குச் சொல்கிற குரலில். அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

டாக்டர் இருவரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, பால் குடிக்க மறுக்கும் குழந்தைகளைப் பார்க்கவென்றே இருக்கும் ஒரு நர்ஸிடம் அனுப்பினார். பக்கத்து அறை. நடுத்தர வயதுப் பெண், தூக்கம் போதாத முகம், ஆறிப்போன டீ. "நீங்க வீட்டுல எப்படிக் கொடுப்பீங்களோ அப்படியே கொடுங்க சார். நான் பாக்கறேன்" என்றாள். இவர் உடனே தராசு இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. துண்டை விரித்தார். குழந்தையை இறக்கினார். முதுகு தட்டில் படுவதற்கு முன்பே, அந்தத் துண்டைப் பார்த்ததுமே, அவள் வில்லாக வளைந்து கத்தினாள்.

"புட்டி எங்கே?" என்றாள் நர்ஸ்.

"பையில."

"இன்னும் வெளியவே எடுக்கலை. அப்ப எதுக்கு அழறா?"

எடைக்காரர் துண்டையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். "மேடையைப் பாத்தாலே சில டிரைவருங்க தூரத்திலேயே வண்டியை நிறுத்திடுவாங்க" என்றார். "உள்ள என்ன நடக்கும்னு தெரிஞ்சவங்க."

"அதேதான்" என்றாள் நர்ஸ். "எதுக்களிப்புல முதல்ல தொண்டை எரிஞ்சுது, குடிக்கத் தயங்கினா. தயங்கினதால நீங்க திணிச்சீங்க. இப்ப எரிச்சல் குறைஞ்சிருக்கு. ஆனா புட்டின்னா சண்டைன்னு ஆயிடுச்சு. அம்மா விட்டுடறாங்க, அப்பா விடறதில்லை. எப்ப யாரு விடுவாங்கன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? அதனால எல்லாத்துக்கும் வாயை மூடிக்கறா. ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருக்கணும்."

அவள் சொன்னது நீளமில்லை. பசி தெரியும்போது நிமிர்த்திப் பிடித்து, புட்டியை உதட்டருகில் காட்ட வேண்டும். குழந்தை தானாக வாயைத் திறந்தால் கொடுக்கலாம். நடுநடுவே நிறுத்தி ஏப்பம் எடுக்க வேண்டும். தலையைத் திருப்பினால் எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் கழித்து ஒரு முறை காட்டிப் பார்க்கலாம், மறுபடி திருப்பினால் அந்த வேளை அவ்வளவுதான். கக்கினதை ஈடுகட்டக் கூடாது. குடித்த பிறகு அரை மணி நேரம் தோளில் நிமிர்த்தி வைத்திருக்கலாம். தூங்க மட்டும் மல்லாக்க, சமமாக.

"மீந்த பால்?" என்றார் இவர்.

"வாய் வெச்ச பால், கொட்டிடணும்."

"எவ்வளவு இருந்தாலுமா?"

"எவ்வளவு இருந்தாலும். தராசு வீட்டுல இருக்கக் கூடாது. வாரம் ஒரு தடவை இங்க நான் நிறுக்கறேன்." பிறகு அவள் குரல் மாறியது. "முதல் ரெண்டு மூணு நாள் இன்னும் குறைவாக் குடிப்பா. அதுக்காகத் திரும்பத் திணிக்க ஆரம்பிச்சா எல்லாம் வீண். ஆனா டயப்பர் நனையறது குறைஞ்சாலோ, துவண்டு கிடந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, கக்கறது பச்சையா இருந்தாலோ, ரத்தம் தெரிஞ்சாலோ, பீச்சி அடிச்சு வாந்தி எடுத்தாலோ, எனக்குப் போன் பண்ணிட்டு உக்காந்திருக்காதீங்க. நேரா இங்க வந்துடுங்க."

டாக்டர் ஒரு வாரம் கொடுத்தார். டியூப் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வாரம் பார்க்கலாம் என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில், இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் கேட்டார்: "எத்தனை நாளாப் பொய் சொன்னே?"

"எண்ணலை. நீங்கதான் எண்ணுறவரு."

"ஒரு தடவை சொல்லியிருக்கலாமில்ல?"

"அவ அழறா, முடியலைன்னு சொன்னேன். நீங்க, சரி, எவ்வளவு குடிச்சான்னு கேட்டீங்க."

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குழந்தை அவர் சட்டையில் கக்கியது. துடைக்கத் துணி எடுத்தவர் பழக்கத்தில் அதைக் கையில் ஏந்திப் பார்த்தார். அவள் அந்தத் துணியைப் பிடுங்கிப் பையில் போட்டாள்.

மறுநாள் காலையில் தராசை அவரே துண்டில் சுற்றி வேலைக்கு எடுத்துப் போனார். மேடை அறையில் நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டாராம்.

அந்த வாரத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. சோர்வுக்குக் கதை கிடையாது. குழந்தை குறைவாகத்தான் குடித்தாள், சொன்னபடியே. அம்மா புட்டியைக் காட்டுவாள், அவள் திருப்புவாள், இவள் எடுத்துவிடுவாள். எடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பல்லைக் கடிப்பாள். நான் தோளில் வைத்து நடப்பேன். வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, பிறகு திரும்பி. என் முட்டிகள் அதை இன்னும் மறக்கவில்லை.

போன் வரும். "எவ்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிடுவார். "எப்படி இருக்கா?"

"இருக்கா."

"டயப்பர்?"

டயப்பரை எண்ணலாம் என்று அனுமதி இருந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மாலையில் வந்ததும் குப்பைக்குப் போக வைத்திருந்த ஈர டயப்பர் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து, கண்ணை மூடி, லேசாக ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"கீழ வைங்க அதை!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. எப்படித்தான் தெரிந்ததோ.

"சும்மாத்தான்."

"பெரியம்மா, இவரையும் ஒரு வாரம் அட்மிட் பண்ணச் சொல்லலாமா?"

அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. அவரும் சிரித்தார், பிறகு கை கழுவினார்.

அவர் கொடுக்கும் வேளைதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். முதல் நாள் குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, புட்டியை உதட்டருகில் பிடித்தார். அவள் அவரைப் பார்த்தாள், புட்டியைப் பார்த்தாள், தலையைத் திருப்பினாள். அவர் கை தானாகவே அந்தப் பக்கம் போயிற்று. பாதி வழியில் நிறுத்தினார். புட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளங்கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். மீந்த பாலை அவர் கொட்டவில்லை. அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். மனைவிதான் கொட்டினாள்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, பகலில், புட்டியைக் காட்டியதும் குழந்தை வாயைத் திறந்தாள். பெரிதாக ஒன்றும் இல்லை. தூங்கவும் இல்லை, அழவும் இல்லை, விழித்துக்கொண்டே கொஞ்சம் குடித்தாள். நிறுத்தினாள். ஏப்பம் விட்டாள். மறுபடி வாயைத் திறந்தாள். அவள் அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகு வந்த போனில் அதைச் சொல்லவில்லை. "சொன்னா அவரு மனசுல கூட்ட ஆரம்பிச்சுடுவாரு" என்றாள் என்னிடம். அதுவும் நியாயம்தான்.

மறுபடி கிளினிக். இந்த முறை எடைக்காரர் தராசைப் பார்க்கவில்லை. சுவரில் பல் துலக்குவது எப்படி என்று ஒரு படம் ஒட்டியிருந்தது, அதற்கு எதிரே போய் நின்றுகொண்டார். இவர் தொழிலில் எண் நிற்கும் முன் கண்ணை எடுப்பதே பெரிய குற்றம்.

நர்ஸ் எண்ணைச் சொன்னாள். ஏறியிருந்தது. அதிகம் இல்லை. ஒரு கைப்பிடி.

"துணியோடயா, இல்லாமயா?" என்றார் படத்தைப் பார்த்தபடியே.

"இல்லாம சார். போன தடவையும் இல்லாமத்தான்."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் அந்தப் பல் படத்தின் முன்னாலேயே நின்றார். தோள்கள் ஆடின. நாங்கள் யாரும் பக்கத்தில் போகவில்லை.

டாக்டர், "டியூப் இப்ப வேண்டாம். ஆனா முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. அடுத்த வாரம் வாங்க, அதுக்கடுத்த வாரமும் வாங்க" என்றார். அப்படியே போகப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. உட்காரும் வரை கக்கத்தான் செய்வாள். துணிகள் ஊறத்தான் செய்யும்.

அன்று அவருக்கு விடுப்பு. மத்தியானம் அவரே பால் கொடுத்தார். குழந்தை பாதிக்கு மேல் குடித்துவிட்டு நிப்பிளை நாக்கால் தள்ளினாள். கொஞ்சம் கழித்து ஒரு முறை காட்டினார். தலையைத் திருப்பினாள். "சரி, இறக்கியாச்சு" என்றார். அரை மணி தோளில் வைத்து நடந்தார். கொஞ்சம் கக்கினாள், அவர் முதுகு வழியாக இடுப்பு வரை. துணியை என்னிடம் நீட்டினார். கையில் ஏந்திப் பார்க்கவில்லை.

பிறகு குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கக் கிடத்திவிட்டு, மீந்த பாலோடு அலமாரியில் வைத்திருந்த புட்டியை எடுத்துக்கொண்டு சமையலறைத் தொட்டிக்குப் போனார். புட்டியின் பக்கவாட்டில் அளவுக் கோடுகள் உண்டு. பால் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்க்காமல் இருக்க அந்தப் பக்கத்தை உள்ளங்கையால் மறைத்துப் பிடித்தார். தலைகீழாகக் கவிழ்த்தார். தண்ணீரைத் திறந்துவிட்டு அது முழுக்கப் போகும் வரை நின்றார்.

மனைவி நாற்காலியிலேயே வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். நான் துணிகளை அலசப் போனேன்.